இருபத்தோராம் பிளாக் அளவுகள்

நெய்வேலி நகரியத்தில் ஒரு பெண்ணோடு அவள் பெயர் தெரியாமலே வருஷக்கணக்கில் பழகிவிடலாம். குவார்ட்டர்ஸ் நம்பர் தெரியாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. பால்காரர் நம்பரைச் சொல்லித்தான் ஊற்றுவார், இஸ்திரிக்காரர் நம்பரைத்தான் காலரில் குறிப்பார், திருவிழா வசூலுக்கு வருகிறவர்கள்கூட இருபத்தெட்டு கொடுத்துவிட்டது, முப்பது ஊரில் இல்லை என்றுதான் பேசிக்கொள்வார்கள். எல்லா மாவட்டத்திலிருந்தும் வேலைக்கு வந்து குடியேறிய ஊர். ஒவ்வொருவரிடமும் சொந்த ஊர் எது, யார் மக்கள் என்று விசாரித்து முடிப்பதற்குள் ஷிப்ட் பஸ் போய்விடும்.

நகரியத்தை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் வீட்டின் முன்னறையையே கடையாக்கி ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த சித்தீகாவுக்கும் வாடிக்கைக்காரர்கள் எல்லாம் நம்பர்கள்தான். குள்ளஞ்சாவடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவன் ஹாமித் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வண்டி ஓட்டினான். வந்த புதிதில் பொழுது போகாமல் தைக்க ஆரம்பித்து, பிறகு பொழுதே கிடைக்காத அளவுக்குத் தைத்தாள். அவள் தைத்த ஜாக்கெட் போட்டால் கை தூக்கினாலும் இடுப்பில் ஏறாது என்று பிளாக் பிளாக்காகப் பேச்சு. ஸ்கூட்டியில் துணிப்பையோடு பெண்கள் வந்தபடி இருப்பார்கள்.

அவளுக்கு இருந்த ஒரே தலைவலி துண்டுச்சீட்டு. அளவு எழுதிய சீட்டைத் துணியோடு சேர்த்துக் குண்டூசியால் குத்தி வைப்பாள். மின்விசிறி போட்டால் ஒன்று பறக்கும், பூனை வந்தால் இரண்டு கிழியும். ஒரு முறை ஒல்லியான மருமகளின் துணியைக் குண்டான மாமியார் அளவில் வெட்டிவிட்டு, அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்த மகள் ஆசிஃபா, காலேஜ் ஹாஸ்டலுக்குக் கிளம்பும் முன் அம்மாவின் போனில் குறிப்பு எழுதும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். பிளாக்குக்கு ஒரு நோட்டு, குவார்ட்டர்ஸுக்கு ஒரு பக்கம் என்று பிரித்து வைக்கவும் சொல்லிக் கொடுத்தாள்.

சித்தீகாவுக்கு அது பிடித்துப்போனது என்று சொன்னால் போதாது. நூல் மாற்றுகிற இடைவெளியில்கூடப் போனை எடுத்து அடுக்கிக்கொண்டே இருந்தாள். நெஞ்சளவு, கையளவு, கழுத்தின் போட்டோ, துணி வந்த தேதி எல்லாம் ஏறின. தைத்து முடித்ததற்குப் பச்சைப் புள்ளி, ஊக்கு வைக்க வேண்டியதற்கு மஞ்சள். ஆளை நினைவு வைத்துக்கொள்ள இரண்டு வரியும் எழுதினாள். இருபத்தோராம் பிளாக் ஏழாம் நம்பரின் பக்கத்தில், இரண்டு இன்ச் குறைத்துச் சொல்வார்கள், நம்பக் கூடாது என்று இருந்தது. பன்னிரண்டில், மாமியாருக்குத் தெரியாமல் கழுத்து இறக்கம் வேண்டுமாம் என்று இருந்தது. பெயர் மட்டும் எங்கேயும் எழுதமாட்டாள். அடுத்த வீட்டுச் சமாசாரத்தைப் பெயரோடு எழுதி வைப்பது தப்பு என்று அவளுக்குள் ஒரு கண்டிப்பு. நம்பர்தானே என்று நிம்மதியாக இருந்தாள். அந்த ஊரில் நம்பர்தான் பெயர் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்ததெல்லாம் வேண்டிய நேரத்தில் ஞாபகம் வந்துவிட்டால் மனிதர்களுக்கு ஏது குறை?

இருபத்தோராம் பிளாக் நாற்பத்து மூன்றில் ராஜாம்பாள் இருந்தாள். கணவருக்கு அனல்மின் நிலையத்தில் வேலை. பிளாக் பெண்கள் சாயங்காலம் ஷட்டில் ஆடும் இடத்தில் அவளை ஜெயித்தவர் கிடையாது. எதிரில் நிற்பவர் புதிதாக வந்தவராக இருந்தாலும் இரக்கம் காட்டமாட்டாள், தன்மேல் யாரும் இரக்கம் காட்டினாலும் பொறுக்கமாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு இடது மார்பில் கட்டி வந்தது. புதுச்சேரிக்குப் போய் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். கணவருக்கு லீவு கிடைக்காத நாட்களில் ஆஸ்பத்திரியில் கூட இருந்தது பக்கத்து வீட்டு நாற்பத்து நான்கு, கமலா. பிளாக்கில் மற்ற எல்லாருக்கும் சொன்னது, தோள்பட்டையில் சதை பிடித்துக்கொண்டது, ஊரில் எண்ணெய் வைத்தியம் நடக்கிறது என்பதுதான்.

திரும்பி வந்த ராஜாம்பாள் ஒரு மத்தியானம் சித்தீகாவின் கடைக்கு வந்து, கதவைச் சாத்தச் சொல்லி, முந்தானையை எடுத்துக் காட்டினாள். அழவில்லை.

"எனக்குப் பழையபடி தெரியணும், சித்தீகா. வேற ஒண்ணும் வேண்டாம்," என்றாள்.

சித்தீகா அதுவரை அப்படி ஒன்றைத் தைத்ததில்லை. மூன்று ஜாக்கெட்டை வெட்டி வீணாக்கி, நாலாவதில் வழி கண்டுபிடித்தாள். உள்ளே ஒரு பஞ்சுப் பை, அது நழுவாமல் இருக்கப் பட்டியோடு சேர்த்து ஒரு தையல், கை வலிக்காமல் போட முன்பக்கம் கொக்கி. அதைப் போட்டுக்கொண்டு ராஜாம்பாள் மறுபடி ஷட்டில் ஆடினாள், மறுபடி எல்லாரையும் தோற்கடித்தாள். சித்தீகா தன் வாழ்நாளில் தைத்ததிலேயே உயர்ந்த வேலை அதுதான். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாததே அதன் சிறப்பு என்பதால் ஒருவரும் பாராட்டவில்லை. அவளுக்கு மட்டும் அந்தப் பிளாக் பக்கம் போய் ராஜாம்பாள் துள்ளி அடிப்பதைப் பார்த்தால் நெஞ்சு நிறைந்துவிடும்.

நாற்பத்து மூன்றின் பக்கத்தில் இப்படி எழுதினாள்: இடது பக்கம் ஆபரேஷன். உள்ளே பஞ்சுப் பை, கொக்கி முன்னால். டிரையல் தனியாக. வேறு ஆள் இருக்கும்போது இதைப் பற்றிக் கேட்கக் கூடாது.

ஒரு பொங்கல் நெருக்கத்தில் அந்தத் தப்பு நடந்தது. தைத்தாச்சா, தைத்தாச்சா என்று ஆளாளுக்குப் போன் அடித்து அவளை மெஷின் மிதிக்க விடவில்லை. இருபத்தோராம் பிளாக் பெண்களுக்கு வாட்ஸாப்பில் ஒரு குழு உண்டு, ஆஸ்தானத் தையல்காரி என்று சித்தீகாவையும் அதில் சேர்த்திருந்தார்கள். எது எது தயார் என்று ஒரே பக்கத்தில் எழுதி அதைக் குழுவில் அனுப்பிவிட்டால் தொல்லை ஒழிந்தது என்று நினைத்தாள். எழுதினாள், பகிர்வதற்கான பொத்தானை அழுத்தினாள், வந்த லிங்க்கை அனுப்பினாள், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஊக்கு தைக்க உட்கார்ந்தாள். அந்த ஒரு பக்கத்துக்குள் நின்று அழுத்த வேண்டியதை, வெளியே நோட்டின் மேல் நின்று அழுத்தியிருந்தாள். இருபத்தோராம் பிளாக் நோட்டு முழுக்கப் போய்விட்டது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து ஏழாம் நம்பர் அம்மா போன் செய்தபோதுதான் தெரிந்தது. இடுப்பளவை ஊருக்கே தண்டோரா போட்டுவிட்டாயே, அதிலும் இரண்டு இன்ச் பொய் சொல்வேன் என்று வேறு எழுதி வைத்திருக்கிறாயே என்று அந்த அம்மா சிரித்தார். சித்தீகாவால் சிரிக்க முடியவில்லை. போனைத் திறந்து, பகிர்ந்ததை நிறுத்துகிற இடத்தைத் தேடித் தேடி நிறுத்தினாள். லிங்க் செத்தது. செத்தது எத்தனை பேர் படித்த பிறகு என்பதுதான் கேள்வி.

அடுத்து வந்த நாட்களில் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஏழையும் பன்னிரண்டையும் வைத்தே கேலி பேசினார்கள். நாற்பத்து மூன்று என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ராஜாம்பாளிடம் இருந்தது பட்டன் போன், குழுவில் அவள் இல்லை. அந்தக் கூத்தில் நாற்பத்து மூன்றாம் பக்கம் யார் கண்ணிலும் பட்டிருக்காது என்று சித்தீகா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தொழுகைக்கு நின்றால் மட்டும் மனம் நேராகப் போய் நாற்பத்து மூன்றாம் நம்பர் வாசலில் நின்றது.

பங்குனியில் ராஜாம்பாள் டிரையலுக்கு வந்தாள். முகம் சரியில்லை. சித்தீகா திரையை இழுத்துவிட்டுக் குண்டூசி குத்திக்கொண்டிருக்கையில் அவளாகவே பேச ஆரம்பித்தாள். கொஞ்ச நாளாகவே எல்லாரும் தன்னிடம் வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்றாள். பந்தைக் கைக்கு எட்டுகிற இடமாகப் பார்த்துப் போடுகிறார்களாம். இடது பக்கம் யாரும் அடிப்பதில்லையாம். ஒருத்தி சீத்தா இலைக் கஷாயம் கட்டிக்கு நல்லது என்று சம்பந்தமில்லாமல் கொண்டுவந்து கொடுத்தாளாம். இன்னொருத்தி கோயில் விபூதியை நெற்றியில் வைத்துவிட்டுக் கண் கலங்கினாளாம்.

"எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, சித்தீகா. எனக்குத் தெரிஞ்சு இந்த விஷயம் தெரிஞ்ச வெளி ஆளுங்க ரெண்டே பேர்தான். நீ, கமலா. நீ சொல்றவ கிடையாது."

கமலாவிடம் நேரில் போய்க் கேட்டிருக்கிறாள். கமலா தலையைக் குனிந்துகொண்டு, என் வாய்தான் எங்கேயோ தவறியிருக்கும் என்றாளாம். அன்றோடு பேச்சு நின்றுவிட்டது. இடையில் ஒரே ஒரு சுவர், இருபது வருஷம் குழம்பும் ரசமும் மாறி மாறிப் போன சுவர்.

சித்தீகாவின் வாயில் இரண்டு குண்டூசிகள் இருந்தன. அதைச் சாக்காக வைத்து ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டாள். ராஜாம்பாள் போன பிறகு ஊசிகளை எடுத்து டப்பாவில் போட்டாள். கமலா ஏன் செய்யாத தப்பை ஒப்புக்கொண்டாள் என்று அவளுக்குப் புரியவே இல்லை. ஒருவேளை கமலாவும் யாரிடமாவது சொல்லியிருப்பாளோ என்று ஒரு நிமிஷம் ஆசையாக நினைத்துப் பார்த்தாள். அடுத்த நிமிஷமே தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஹாமித்திடம் சொன்னாள். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். இப்போது போய்ச் சொன்னால் எந்தப் பிளாக்கிலிருந்தும் ஒரு பொம்பளை உன் திரைக்குப் பின்னால் வந்து நிற்கமாட்டாள் என்றான். ஆறப்போட்டால் ஆறிவிடும் என்றான். சித்தீகா ஆறப்போட்டுப் பார்த்தாள். ஆறவில்லை. நாற்பத்து நான்காம் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டியிருக்கும் என்பதற்காகத் துணி கொடுக்க அந்தத் தெருவுக்கே போகாமல், எல்லாரையும் வடக்குத்துக்கு வரச் சொன்னாள். போனில் எல்லா நோட்டையும் அழித்துவிட்டு மறுபடி துண்டுச்சீட்டுக்கே வந்தாள். அளவுகள் அழிந்தன, பாரம் அழியவில்லை.

வைகாசிக் கடைசியில் கமலாவின் கணவர் ரிட்டயர் ஆனார். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அது இந்த ஊரின் விதி. அவர்கள் சொந்த ஊரான கோவில்பட்டிக்கே திரும்புகிறார்கள், ஆடி பிறக்கும் முன் போய்விடுவார்கள் என்று காதில் விழுந்தது. அன்றிலிருந்து சித்தீகாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தன் பழியைச் சுமந்துகொண்டு ஒருத்தி ஊரைவிட்டே போகப்போகிறாள். போன பிறகு யாரிடம் போய் என்ன சொல்ல? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளி, கடைசியில் லாரி வந்து நின்ற அன்று காலைதான் போனாள். கமலாவின் ஜாக்கெட் இரண்டு தைத்து முடித்துக் கிடந்தன, அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

பீரோவும் கட்டிலும் ஏற்கெனவே லாரியில் ஏறியிருந்தன. பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கமலா அவளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் காலியான சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

சித்தீகா ஒரே மூச்சில் கொட்டினாள். அந்த லிங்க்கை அனுப்பியது தன் கைதான், தெரியாமல் நடந்தது, ஆனால் தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தது தெரிந்தேதான் என்றாள். கண்ணீரும் மூக்கும் ஒன்றாக வழிந்தன.

"இப்பவே பக்கத்து வூட்டுக்குப் போயி சொல்லிடறேங்க்கா. இத்தினி நாளா உங்கமேல பழி வந்துகினு இருந்ததை நான் பார்த்துகினே இருந்துட்டேன். எனக்குத் தாங்கல."

"எனக்குத் தெரியும். நானும் அந்தக் குரூப்லதானே இருக்கேன்," என்றாள் கமலா. "படிச்ச கையோடயே நாப்பது வீட்டுக்கும் போன் பண்ணேன். அவ காதுல இந்த லிங்க்குங்கற பேச்சே விழக் கூடாதுன்னு ஒவ்வொருத்திகிட்டயும் கெஞ்சினேன். விழலை. அதை இப்ப நீ போய்க் கெடுக்கப் போறியா?"

கமலா ஜாக்கெட் இரண்டையும் வாங்கி மடித்தபடியே பேசினாள். அவள் குரலில் கனிவு இல்லை.

"உன்மேல எனக்கு ஆத்திரம் இல்லைன்னு நினைச்சுக்காத, நிறைய இருக்கு. ஆனா யோசிச்சுப் பாரு. இப்ப அவ நினைச்சுக்கிட்டு இருக்கறது, கமலா வாய் தவறி நாலு பேர்கிட்ட ஆபரேஷன்னு சொல்லிட்டாங்கறதுதான். அதோட அவளால இந்தத் தெருவுல நடக்க முடியுது. பஞ்சு, கொக்கின்னு எழுதினதை அத்தனை வீட்லயும் உக்காந்து படிச்சாங்கன்னு தெரிஞ்சா, அவ அதுக்கப்புறம் அந்த ஷட்டில் கோர்ட்டுக்கு வருவாளா?"

சித்தீகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உன்னை விட்டா அந்த ஜாக்கெட்டை அவளுக்கு யாரு தைப்பா? இன்னொரு தையல்காரிகிட்டப் போயி, அவ மறுபடி முதல்ல இருந்து அவுத்துக் காட்டணும். நான் ஊரை விட்டுப் போறவ, என்மேல கோபம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நீ சொல்லிட்டா உன் பாரம் இறங்கிடும், சித்தீகா. அவ அதை எங்க கொண்டுபோய் இறக்கி வைப்பா?"

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். கமலா ஜாக்கெட்டுகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் பக்கத்து வீட்டுக் கதவை ஒரு முறை பார்த்தாள், தட்டவில்லை. லாரியின் பின்னாலேயே ஒரு காரில் போய்விட்டார்கள். சித்தீகா ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரை நடந்தே வந்தாள். திட்டு வாங்கலாம் என்று போனவளுக்குத் திட்டுகூட முழுதாகக் கிடைக்கவில்லை.

நாற்பத்து நான்குக்குப் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி குடிவந்தது. அதற்கும் கொஞ்ச நாள் கழித்து ராஜாம்பாள் இரண்டு துணியை எடுத்துக்கொண்டு வடக்குத்துக்கு வந்தாள். துண்டுச்சீட்டுக்கு மாறிவிட்டதால் அளவைப் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. சித்தீகா கதவைச் சாத்தி, திரையையும் இழுத்துவிட்டாள். ஷட்டில் எப்படிப் போகிறது என்று கேட்டாள். எல்லாம் பழையபடிதான், புதிதாக வந்திருக்கும் பெண் மட்டும் விஷயம் தெரியாமல் நன்றாக அடித்து ஆடுகிறாள், அவளோடு ஆடத்தான் பிடிக்கிறது என்றாள் ராஜாம்பாள்.

"கமலா போற அன்னைக்கு நான் ஜன்னல்கிட்டயேதான் நின்னுக்கிட்டு இருந்தேன்," என்றாள் பிறகு. "கதவைத் தட்டுவான்னு பார்த்தேன். தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை. அது போதும், சித்தீகா. அந்த நிமிஷமே மன்னிச்சிருப்பேன். அதைக் கேக்கக்கூட அவளுக்கு மனசு வரல பாரு."

கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். இப்போது கேட்டாலும் கிடைக்கும். சித்தீகாவுக்கு அந்த வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் அழுதுகொண்டே தன்னைக் கட்டிக்கொள்வாள் இந்த ராஜாம்பாள், அதற்கப்புறம் அந்தக் கோர்ட் பக்கமே போகமாட்டாள். இரண்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தாள்.

"கையைத் தூக்குங்க்கா," என்றாள்.

ராஜாம்பாள் தூக்கினாள். நம்பி எதையும் சொல்லிக்கொள்ள இந்த ஊரில் இனி எனக்கு நீ ஒருத்திதான் என்றாள். சித்தீகா டேப்பை அவள் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் முன்னால் சேர்த்தாள். கண்ணீர் மறைத்ததில் எண் தெரியவில்லை, டேப்பை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள்.